பரங்கிப்பேட்டையில் எரிந்த உலை

பரங்கிப்பேட்டை என்றதும் சிலருக்கு 1781-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்த போர் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு வெள்ளாற்று முகத்துவாரம், மீன், நண்டு. அதே ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்பு உருக்கினார்கள் என்பது நம்மில் பலர் காதில் விழாத செய்தி. ஐரோப்பிய முறையில் ஊதுலை கட்டி இரும்பு எடுக்க இந்தியாவில் நடந்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று 1830-இல் அங்கேதான் தொடங்கியது. ஜாம்ஷெட்பூரில் டாடா உலை எரிவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு முன்பு.

தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாகச் சேலம் வட்டாரத்தில் இருந்தவர். கஞ்சமலையின் இரும்புக்கல்லையும், நம் ஊர்க் கொல்லர்கள் அதிலிருந்து உருக்கு எடுத்த விதத்தையும் கூர்ந்து பார்த்திருக்கிறார். பின்னாளில் அதை எழுதியும் வைத்தார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, களிமண் மூசைக்குள் அடைக்கிறார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போடுகிறார்கள், இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு. மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, துருத்தி ஊதினால் இரண்டரை மணி நேரத்தில் உருக்கு தயார். அன்றைய இங்கிலாந்தில் நாள் கணக்கில் ஆகும் வேலை அது. ஆவாரையும் எருக்கும் எதற்கு? குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் ஏறினால்தான் அது உருக்காகும். பள்ளிக்கூடம் போகாத மனிதர்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்த வேதியியல் இது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

ஹீத் பெரிய உலை கட்ட விரும்பினார். கப்பலில் இரும்பை ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பத் துறைமுகம் வேண்டும், ஆகவே பரங்கிப்பேட்டை. கல்லோ கஞ்சமலையில் கிடக்கிறது. அதைக் காவிரியில் பரிசல்களில் ஏற்றி, கொள்ளிடம், கான் சாகிப் கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆற்றுவழியில் 200 கிலோமீட்டருக்கும் மேல். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில்தான் அது நடக்கும்.

கல் வந்தது, கரிக்கு எங்கே போவது? நம் பக்கம் நிலக்கரி வெட்டத் தொடங்காத காலம். எல்லாம் மரக்கரிதான். கம்பெனி சர்க்கார் கடனும் கொடுத்து, காடுகளில் விறகு வெட்டும் உரிமையும் கொடுத்தது. அருகிலிருந்த காடு தீரத் தீர, கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது. கரியின் விலையும் கூடியது. 1860-களின் நடுவில் உலை அணைந்தது, 1874-இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. வேல்ஸில் 1850-இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்குப் பரங்கிப்பேட்டை இரும்பு போனதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. ஹீத் அதற்கு முன்பே ஷெஃபீல்டுக்குப் போய், மாங்கனீசு சேர்த்து உருக்குச் செய்யும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய ஏஜென்டாக இருந்தவரே அதைச் சற்று மாற்றிப் பயன்படுத்த, வழக்கிலேயே காசெல்லாம் கரைந்து 1851-இல் இறந்துபோனார்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு போனால் அந்த வட்டாரம் வேறு மாதிரித் தெரிகிறது. சிதம்பரத்திலிருந்து பு.முட்லூர் வழியாகப் பஸ்ஸில் போனேன். இரண்டு பக்கமும் நெல் வயல், வரப்போரம் எருக்கஞ்செடி, தரிசில் அடர்ந்த சீமைக்கருவேலம். இன்று தமிழ்நாட்டில் மூட்டை மூட்டையாகக் கரி சுடப் பயன்படும் மரம் அதுதான். அது நம் மாகாணத்துக்குள் வந்ததே 1870-களில், பரங்கிப்பேட்டை உலை அணைந்த பிறகு. ஊருக்குள் மரைக்காயர்களின் பழைய வீடுகள், பள்ளிவாசல்கள், தர்காக்கள். ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம். படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இங்க இரும்பு உருக்குன இடம் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "இரும்பா? நமக்கு மீனு ஏலம் போடற இடம்தான் தெரியும் தம்பி" என்றார். அவர்மேல் குறையில்லை. சொல்வதற்கு ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. தெற்கே கிள்ளை, பிச்சாவரம் வரை போய் அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு வரலாம், அவசியம் போங்கள்.

மலைப்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து சேலம் உருக்காலை இயங்குகிறது. துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்கிறது, ஆனால் அந்த மலையின் கல்லைக்கொண்டு அல்ல. அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் நடக்கும் பாதையில் அந்த இரும்புக்கல் கிடக்கும். காந்தத்தில் ஒட்டும் கல்.

காந்தம் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம். நான் இருப்பது வடசென்னையில், கொடுங்கையூரில். இங்கே குப்பைமேட்டில் காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுத்து, காயலான் கடையில் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. கொஞ்சம் தள்ளிப் பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கர்நாடிக் மில், 1996-இல் மூடப்பட்டது. எண்ணூரில் அனல் மின் நிலையம், 1970 முதல் ஓடி 2017-இல் நின்றது. எங்கள் தெருக்களில் இன்னும் அந்த வேலைகளால் அடையாளம் சொல்லப்படும் வீடுகள் இருக்கின்றன, "மில்லுக்காரர் வீடு" என்று.

பரங்கிப்பேட்டையில் எனக்குப் பெரிய வருத்தம் உலை இல்லாமல் போனதில் இல்லை. எந்த உலையும் ஒருநாள் அணையும். ஹீத்தின் பெயர் இருக்கிறது, அவர் கடன் கணக்கு இருக்கிறது, வழக்குத் தீர்ப்பு இருக்கிறது. பரிசல் தள்ளியவர்கள், காட்டில் கரி சுட்டவர்கள், உலைவாயில் நின்று வெந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களில் ஒருவர் பெயராவது எங்கேனும் இருக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கண்ணில் படவில்லை. ஹீத் வியந்து எழுதிய அந்த மூசை வித்தைகூட, அதைச் செய்துகாட்டிய கொல்லரின் பெயரில்லாமல்தான் அச்சில் இருக்கிறது. இது அநியாயம்.

கடலூர் மாவட்ட நிர்வாகம் பரங்கிப்பேட்டையில் ஒரு கல்லாவது நட்டு, இரும்பு உருகிய ஊர் இது என்று எழுத வேண்டும். அது அரசாங்கம் செய்ய வேண்டியது. உங்களிடம் கேட்பது வேறு. உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஆலையில் வேலை பார்த்தவரா? அவருடைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சங்கத்துச் சந்தா ரசீது எதுவானாலும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் ஒரு படம் எடுங்கள். அவர் பெயர், எந்த ஆலை, எந்தப் பிரிவு, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேலை செய்தார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.