சத்தமில்லாமல் விட்டுப்போன பட்டியல்

"கம்ப்யூட்டர் பத்திப் பேசு, ஆனா யாரும் தூங்கக்கூடாது" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

2011-இல் ஒரு நிறுவனத்தின் ஷேர்பாயின்ட் பணியில் இருந்தேன். ஒரே தளத் தொகுப்புக்குள் துறைக்கொரு தளம், அதற்குள் கிளைத்தளங்கள், ஒவ்வொன்றிலும் பத்து இருபது பட்டியல்கள். தணிக்கைக்காரர்கள் வந்து, "எல்லா ஒப்பந்தங்களின் விவரமும் நாளைக் காலையில் வேண்டும்" என்றார்கள். நான் எழுதிய முதல் புரோகிராம் தளம் தளமாகத் திறந்து, பட்டியல் பட்டியலாகப் புரட்டியது. திறந்த தளத்தை மூடச் சொல்ல மறந்துவிட்டேன். நினைவகம் நிரம்பி சர்வர் மூச்சுத் திணறியது. அன்று வாங்கிய திட்டை இங்கே சொல்ல முடியாது, பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

மூத்த சகா ஒருவர், "ஏம்ப்பா, வீடு வீடாக் கதவைத் தட்டுறே? எஸ்பி சைட் டேட்டா க்வெரி இருக்கே" என்றார். தொகுப்பு முழுவதற்கும் ஒரே வினா. நம் கல்லூரி நூலகம் நினைவிருக்கிறதா? 53-இல் தொடங்கினால் இயற்பியல். அதற்குள் 537 மின்சாரம். ஷேர்பாயின்ட்டில் கன்டென்ட் டைப்புக்குத் தரும் எண்ணும் அப்படித்தான். முன்குறியை விட்டுவிட்டால் ஆவணத்துக்கு 0101. அதிலிருந்து பிறக்கும் 'ஒப்பந்தம்' என்ற வகைக்கு அதே 0101, பின்னால் நீளமான வால். 'இந்த எண்ணில் தொடங்குவது' என்று கேட்டால் ஒப்பந்தமும் அதன் வழிவந்த வகைகளும் சேர்ந்தே வரும். பெயரை வைத்துக் கேட்டால் பிள்ளைகள் விட்டுப்போகும்.

சற்று நேரத்தில் விடை வந்துவிட்டது. ஆனால் கொள்முதல் துறையின் ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை! பிழைச்செய்தியும் இல்லை. இரவு ஒரு மணிக்குத்தான் புரிந்தது. 'ஒப்புதல் தந்தவர்' என்ற ஃபீல்டையும் கேட்டிருந்தேன்; அது மற்றத் துறைகள் தாமாகச் சேர்த்துக்கொண்டது, கொள்முதல் பட்டியலில் கிடையாது. கேட்ட ஃபீல்டு இல்லாத பட்டியலை இந்த வினா பேசாமல் தாண்டிப் போய்விடும். 'இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்று பொருள்படும் ஒரு சொல்லை அந்த ஃபீல்டுக்குப் பக்கத்தில் சேர்த்தேன். அத்தனையும் வந்து நின்றன. (1000 பட்டியலுக்கு மேல் போனால் வினாவே நின்றுவிடும் என்று இன்னொரு வரம்பும் உண்டு. அது தேவலாம், சத்தம் போட்டு விழுகிறது.)

பல தளத் தொகுப்புகளில் தேட இது உதவாது. தேடல் அட்டவணையைத்தான் நாட வேண்டும், அதுவோ கொஞ்சம் பின்தங்கியே இருக்கும்.

காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தணிக்கைக்காரர் முதலில் புரட்டியது கொள்முதல் துறையின் பக்கத்தைத்தான்.