கத்திரி வெயிலில் கேளிக்கைப் பூங்கா

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கேளிக்கைப் பூங்காக்களில் கூட்டம் நெரிவது கோடை விடுமுறையில்தான். கத்திரி வெயில் கொளுத்துவதும் அப்போதுதான். மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். வெயிலில் அது ஏறாமல் காப்பது, வியர்வை ஆவியாவதால் உண்டாகும் குளிர்ச்சி. கடலோரக் காற்றிலோ ஈரப்பதம் மிகுதி. வியர்வை வழியுமே தவிர எளிதில் காயாது. அதனால்தான் அத்தனை புழுக்கம்.

திறந்தவெளி ராட்டினங்களைக் காலையிலேயே முடித்துவிட்டு, நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிழலிலோ குளிரூட்டிய அரங்கிலோ இருப்பது நல்லது. பலர் அந்த உச்சி வேளையில்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

செயற்கை அலைக் குளம் ஏமாற்றக்கூடியது. அதில் ஆடுபவருக்கு வேர்ப்பதும் தெரியாது, தாகமும் தெரியாது. உடலில் நீர் மட்டும் குறைந்துகொண்டே போகும். தண்ணீரில் நின்றாலும் வெயில் தோலைச் சுடும். விளையாட்டு மும்முரத்தில் குழந்தைகள் தண்ணீர் கேட்க மறந்துவிடுவார்கள். கேட்காமலே கொடுக்க வேண்டும். உப்பிட்ட மோரும் இளநீரும் வியர்வையில் போன உப்புகளையும் ஓரளவு ஈடுசெய்யும். தளர்வான பருத்தி உடையும் தொப்பியும் உதவும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போய்விட வேண்டும். உடல் 40 டிகிரிக்கு மேல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதம், உயிருக்கே ஆபத்து. 108-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடலை நனைத்து விசிற வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் புகட்டக் கூடாது.