நம்ம காலுக்குக் கீழே ஒரு கடல்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "நமது மாவட்டத்தின் மண் வளம்". உரம், மக்காச்சோளம், சின்ன வெங்காயம் பத்திப் பேசுவேன்னு நினைச்சிருப்பீங்க. அதையெல்லாம் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். நான் பேசப்போறது அந்த மண்ணுக்குள்ள கிடக்கிற கல்லைப் பத்தி. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். எங்க குழுவோட சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்கும், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தேன். அங்கே பார்த்ததையும், படிச்சவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் வெச்சுத்தான் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். நாம உட்கார்ந்திருக்கிற இந்தப் பகுதி ஒரு காலத்துல கடல். இன்னைக்குக் கடல் பார்க்கணும்னா அரியலூர்லேருந்து பரங்கிப்பேட்டைப் பக்கம் நூறு கிலோமீட்டர் போகணும். ஆனா சுமார் பத்துப் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி, கடல் சாத்தனூரையும் தாண்டி மேற்கே வந்திருந்துச்சு. கங்கைகொண்ட சோழபுரம் கோயில் ஆயிரம் வருஷம்னு சொன்னாலே நமக்குப் பிரமிப்பா இருக்கு. அந்த மாதிரி ஆயிரம் வருஷத்தை ஒரு லட்சம் தடவை அடுக்கினாத்தான் பத்துக் கோடி வரும். அந்தக் கடல் முன்னே வந்து, பின்னே போய், கடைசியில் கிழக்கே ஒதுங்கினப்போ, அதுல வாழ்ந்த உயிரெல்லாம் சேத்துல படிஞ்சு கல்லாகி நம்ம நிலத்துக்கு அடியில தங்கிடுச்சு.

இதையெல்லாம் கண்டுபிடிச்சு எழுதி வெச்சதுல பெரிய பங்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு உண்டு. ஜி.எஸ்.ஐ. என்று சொல்வாங்க. வெள்ளைக்காரன் காலத்துல, 1851-ல், நிலக்கரி தேடுறதுக்காகக் கல்கத்தாவில் ஆரம்பிச்ச ஆபீஸ் அது. அதுல வேலை பார்த்த ஹென்றி பிளான்ஃபோர்டுங்கிறவர் ரோடு, பஸ் இல்லாத நாளிலேயே நம்ம பக்கம் வந்து, ஓடை ஓடையா அலைஞ்சு, பாறைகளை மூணு தொகுதியாப் பிரிச்சார். அந்த மூணுக்கும் அவர் வெச்ச பேர் என்ன தெரியுமா? ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். நம்ம பாடாலூர் பக்கத்து ஊட்டத்தூர்தான். அந்தக் காலத்து இந்தியப் பாறையைப் பத்திப் படிச்சா நம்ம ஊர்ப் பேர் வரும். ஊட்டத்தூர் பேரை வெச்சு உட்டாட்டூரிசெராஸ்னு ஒரு கடல் உயிருக்கே பேர் வெச்சிருக்காங்க. கெஜட்டுலகூட நம்ம மாவட்டம் 2001-ல ஒரு தடவை பிரிஞ்சு, அப்புறம் சேர்ந்து, மறுபடி 2007-ல பிரிஞ்சது. கல்லுக்கு மட்டும் அந்தப் பிரிவினை தெரியாது.

சாத்தனூர் கல்மரம் பத்திச் சொல்றேன். 1940-ல அதே ஜி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் அவர்கள் அதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். பின்னாளில் அந்தத் துறைக்கு முதல் இந்திய இயக்குநராக ஆனவரும் அவர்தான், தமிழர். மரத்தோட நீளம் 18 மீட்டருக்கு மேலே. வயசு சுமார் 12 கோடி வருஷம். பூக்கிற மரங்கள் பெருகுறதுக்கு முந்திய ஊசியிலை வகை மரம். ஆத்து வெள்ளம் அடிச்சுட்டு வந்து கடலோரச் சேத்துல புதைஞ்சிருக்கு. மரம் எப்படிக் கல்லாகும்னு எங்க குழுவில ஒரு அக்கா கேட்டாங்க. நார்த்தங்காய் ஊறுகாய் போடுறோம் இல்லையா, காய்க்குள்ள கொஞ்சம் கொஞ்சமா உப்பு இறங்கும், ஆனா காயோட உருவம் மாறாது. அதே மாதிரி மண்ணுக்குள்ள ஊறுற தண்ணி, மரத்தோட ஒவ்வொரு நாருக்குள்ளேயும் மணல்சத்தைக் கொண்டு போய் வெச்சிருக்கு. நார் போயிடுச்சு, உருவம் கல்லா நிக்குது. தொட்டா கல், பார்த்தா மரம்.

நம்ம குழந்தைங்க காரைப் பக்கம் ஓடையில பொறுக்குற துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கல்லு இருக்கே, அது கணவாய் மீன் இனத்து ஒரு உயிரோட உள் ஓடு. ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்டு கிடக்கிறது அம்மோனைட். பெருமாள் கோயில்ல வெச்சுக் கும்பிடுற சாளக்கிராமமும் இந்த வகைதான். நேபாளத்துல கண்டகி ஆத்துல கிடைக்குது. காரை மண்ணுல பளபளன்னு கோடு கோடா வர்ற கல்லு ஜிப்சம். கடலைச் செடிக்கு மண் அணைக்கும்போது மூட்டை மூட்டையா வாங்கிப் போடுறோமே, அதே பொருள். இந்தக் காரை, குளக்காநத்தம் பகுதியையும், சாத்தனூர் மரத்தையும் தேசிய புவியியல் நினைவுச் சின்னங்கள் பட்டியல்ல ஜி.எஸ்.ஐ. சேர்த்திருக்கு. தமிழ்நாட்டில் இருக்கிற நாலில் ரெண்டு நம்மகிட்ட இருக்கு.

அப்புறம் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான சிப்பியும் கிளிஞ்சலும் சேர்ந்து படிஞ்சதுதான் அது. அரியலூர் சிமெண்ட்ல வீடு கட்டினா சுவத்துக்குள்ள பழைய கடல் இருக்குன்னு அர்த்தம்.

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு ரெண்டாப் போகுது. என் பொறந்த ஊர் அரியலூர் பக்கம். எங்க அப்பா ரெண்டரை ஏக்கரைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கொடுத்தார். அந்தப் பணத்துலதான் எங்க அக்கா கல்யாணமும் என் கல்யாணமும் நடந்துச்சு. என் தம்பிக்கு வேலை தர்றதாச் சொன்னாங்க, தரலை. முந்திரி நின்ன இடம் இப்போ குழி. மழைத் தண்ணி நிக்குது. அதனால "உங்க மண்ணுல விலைமதிப்பில்லாத கல் இருக்கு"ன்னு யாராவது சொன்னா, சந்தோஷத்துக்கு முன்னாடி பயம்தான் வருது. நிலம் போயிடுமோன்னு. இங்கே இருக்கிற பல பேருக்கும் அந்தப் பயம் இருக்கும்.

அந்தப் பயம் எங்க குழுவில ஒரு தடவை வெளியே வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நூறு நாள் வேலையில ஏரி வெட்டினோம். ஒரு பெண்ணோட மண்வெட்டி கல்லுல பட்டுச்சு. தோண்டிப் பார்த்தா அரிசி முறம் அளவுக்கு ஒரு அம்மோனைட். ஒருத்தர் நாகக்கல்லு, மஞ்சள் குங்குமம் வைன்னாங்க. இன்னொருத்தர் உடைச்சுத் தள்ளு, சாயங்காலம் அளவு எடுக்கும்போது குழி குறைஞ்சா கூலி குறையும்னாங்க. அதுவும் நியாயம்தான். மறுநாளே பைக்ல ஒரு வெளியூர் ஆள் வந்து 300 ரூபா தர்றேன்னு நின்னார்.

அன்னைக்கு ராத்திரி குழுக் கூட்டத்துல வாக்குவாதம். 300 ரூபா ஒரு நாள் கூலிக்குப் பக்கம், வாங்கிக்கலாம்னு நாலு பேர். வயசான ஒரு அத்தை சொன்னாங்க: "கவர்மெண்டுல சொன்னா நாளைக்கே வேலி போட்டுருவான்டி, ஆடு மேய்க்க விட மாட்டான்." நான் சாத்தனூர்ல பார்த்ததைச் சொன்னேன். மரம் கிடக்கிற பூங்காவைச் சுத்தித்தான் வேலி. அதுக்கு வெளியே விவசாயம் நடக்குது, மாடு மேயுது. ஒரு கல்லு கிடைச்சதுக்காக ஏரியையோ காட்டையோ யாரும் எடுத்துக்கிறதில்லை. அந்தக் கல்லைத்தான் கேட்பாங்க.

அப்புறம் கல்லமேடு கதையைச் சொன்னேன். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுல ஜி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ரெண்டு பேரும் ராட்சத விலங்கு ஒண்ணோட எலும்புகளைக் கண்டு 1987-ல எழுதினாங்க. ப்ருஹத்காயோசாரஸ்னு பேர் வெச்சாங்க, பெரிய உடம்பு உள்ளதுன்னு அர்த்தம். உலகத்துல தரையில நடந்த மிகப் பெரிய விலங்குகள்ல ஒண்ணா இருக்கலாம்னு இன்னைக்கும் ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா எலும்பு இல்லை. எடுத்த எலும்பு நொறுங்கிப் போயிடுச்சு. படமும் வரைபடமும்தான் மிச்சம். பெரிய பெரிய விஞ்ஞானிங்க கையிலேயே அது நிக்கலைன்னா, மண்வெட்டியால நெம்புற நம்ம கையில எப்படி நிக்கும்?

கடைசியில் எங்க குழு தீர்மானப் புத்தகத்துல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கல்லைக் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ஒப்படைச்சோம். எழுத்துல ஒப்புகை வாங்கினோம். மறைக்காம சொல்றேன், ஆறு மாசம் அது ஆபீஸ் மூலையில, பழைய நாற்காலிக்குப் பின்னாடி கிடந்துச்சு. கூட்டம் நடக்கும்போதெல்லாம் ரெண்டு பேரா போய்க் கேட்டோம். அப்புறம்தான் எடுத்துட்டுப் போனாங்க. கடன் விண்ணப்பத்துக்கு நாம எப்படி விடாம நடக்கிறோமோ, அப்படி இதுக்கும் நடக்க வேண்டியிருந்துச்சு.

எல்லா உருண்டைக் கல்லும் முட்டையும் இல்லை. 2009-ல சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரங்க செந்துறைப் பக்கத்து ஓடையில டைனோசர் முட்டைகளைக் கொத்துக் கொத்தாக் கண்டாங்க. அது நிஜம். 2020-ல குன்னத்துல ஏரி மண்ணு எடுத்தப்போ உருண்டை உருண்டையாக் கல் வந்துச்சு. டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல ஊரெல்லாம் பரவி, கூட்டம் கூடிடுச்சு. படிச்சவங்க வந்து பார்த்து, இது முட்டை இல்லை, பழைய கடல் படிவத்துல உண்டான உருண்டைன்னு சொன்னாங்க. எது எதுன்னு தெரியறதுக்கே தெரிஞ்சவங்க வந்து பார்க்கணும்.

இப்போ கூட்டமைப்புக்கு என் மூணு கோரிக்கை.

ஒண்ணு. ஏரி, கிணறு, பண்ணைக்குட்டை வெட்டும்போது வித்தியாசமான கல் வந்தா உடைக்க வேண்டாம், நகர்த்த வேண்டாம், விக்க வேண்டாம். செல்போன்ல படம் எடுங்க, எந்த இடம், எத்தனை அடி ஆழம்னு எழுதுங்க, தகவல் சொல்லுங்க. இடம் தெரியாத கல், சர்வே நம்பர் இல்லாத பத்திரம் மாதிரி. எந்தக் கடலோடது, எந்தக் காலத்ததுன்னு அதை வெச்சு யாரும் சொல்ல முடியாது. நம்ம பொறுப்பாளருங்க பணித்தளத்துல பேசி, கல் இருக்கிற இடத்தை விட்டு வேற இடத்துல அளவு கொடுக்கச் சொல்லணும். கூலி குறையாதுன்னு உறுதி இருந்தாத்தான் பெண்கள் கல்லை உடைக்காம விடுவாங்க. 2022 கடைசியில் மத்திய சுரங்க அமைச்சகம் இந்த மாதிரி இடங்களைக் காப்பாத்த ஒரு சட்ட வரைவு வெளியிட்டு, கருத்துக் கேட்டுச்சு. நம்ம கருத்தையும் இந்தக் கூட்டமைப்புப் பேர்ல எழுதி அனுப்பலாம். நிலத்துக்காரரைப் பாதிக்காம காப்பாத்துங்கன்னு எழுதுவோம்.

ரெண்டு. ஒவ்வொரு குழுவும் வருஷத்துல ஒரு தடவை பிள்ளைங்களைச் சாத்தனூருக்கோ வாரணவாசிக்கோ கூட்டிட்டுப் போகணும். பெரம்பலூர்லயும் அம்மோனைட்டுக்குன்னே ஒரு மையம் இருக்கு. என் மக ஒன்பதாவது படிக்கிறா. நிலவியல்னு ஒரு படிப்பு இருக்குன்னு அவளுக்கு அங்கேதான் தெரிஞ்சுது. வெளிநாட்டிலேருந்து வந்து படிக்கிற மண்ணை, நம்ம பொண்ணுங்க ஏன் படிக்கக் கூடாது?

மூணு. இந்த இடங்களுக்கு வர்றவங்களுக்குக் குடிக்கத் தண்ணி, டீ, சாப்பாடு வேணும், விளக்கம் சொல்ல ஆள் வேணும். அந்த வாய்ப்பை நம்ம குழுக்களுக்குத் தரச் சொல்லி மாவட்ட ஆட்சித் தலைவர்கிட்ட மனு கொடுப்போம். பெரிய வருமானம் வரும்னு நான் ஆசை காட்ட மாட்டேன். முதல்ல ஞாயித்துக்கிழமை மட்டும் கம்மங்கூழும் கடலை மிட்டாயும் வெச்சுப் பார்ப்போம். கணக்கு எழுதிப் பார்த்துட்டு அப்புறம் கடன் வாங்குறதைப் பத்தி யோசிப்போம்.

எங்க அப்பா நிலத்துல என்ன இருந்துச்சுன்னு கொடுக்கும்போது எங்க யாருக்கும் தெரியாது. அது அரைபட்டு மூட்டையாகிப் போயிடுச்சு. மிச்சமிருக்கிற நிலத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்புறம் எதையும் முடிவு பண்ணுவோம். அந்த முடிவுல பெண்களோட கையெழுத்தும் இருக்கணும்.