பாட்டு இருக்கிறது, பெயர் எங்கே?



மடுல்கெல்லையிலோ பன்விலையிலோ ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தி முடிந்து இளைஞர்கள் பாடக் கூடினால், 'சின்ன மாமியே' பாட்டு எப்படியும் வந்துவிடும். மேசைப் பலகையே தாளக் கருவியாகிவிடும். பாடி முடித்தவர்களிடம் "இது யாருடைய பாட்டு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ பழைய பைலா" என்பார் ஒருவர். "சிலோன் மனோகரன் பாட்டு" என்பார் இன்னொருவர்.

அந்தப் பாட்டுக்குரியவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தவர். 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராக இருந்த நாட்களில், கையில் கிற்றாருடன் பாடத் தொடங்கியவர். தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடினார். பின்னாளில் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்லும் பாட்டும் அவருடையதே.

இலக்கிய நிகழ்ச்சியில் பொப் பாட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 1960களில் ஈழத்து எழுத்துலகில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. கதைமாந்தர் பேசும் பேச்சை அப்படியே எழுதலாமா, அது இழிசனர் வழக்கல்லவா என்று ஒரு சாரார் கேட்டார்கள். மண்வாசனை வேண்டும் என்று மறு சாரார் வாதாடினார்கள். அதே காலத்தில், எந்த விவாதத்திலும் கலந்துகொள்ளாமல், வீட்டுப் பேச்சையும் வீதிப் பேச்சையும் கிற்றாரில் ஏற்றிப் பாடிக்காட்டினார்கள் இந்த இளைஞர்கள். சிறுகதை செய்ததையே பாட்டும் செய்தது.

இசையும் இந்த நாட்டு மண்ணில் விளைந்ததுதான். போர்த்துக்கேயர் காலத்து ஆபிரிக்க வம்சாவளியினரும் பறங்கியரும் பேணி வந்த துள்ளல் தாளத்துக்கு 1940களில் சிங்களச் சொற்களைப் பொருத்திப் பரப்பினார் வொலி பஸ்தியான். ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன 1960களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவில் சிங்களப் பாட்டுக்குக் கிற்றார் வழி வகுத்தார். தமிழில் அந்த வேலையைச் செய்தவர்களுள் முன்னோடி நித்தி. சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி'யைக் கடல் கடந்தும் கொண்டுபோனவர் ஏ.ஈ. மனோகரன். அவர் 2018இல் சென்னையில் காலமானார்.

இந்தப் பாட்டுகளைக் காத்தவர்கள் ரசிகர்கள். கிற்றாரைச் சில மாதம் பழகியவனும் வாசித்துவிடலாம். பாடப் பெரிய குரல் வேண்டாம், வெட்கத்தை விட்டால் போதும். அதனால்தான் தலைமுறை தாண்டி வந்திருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்ட பாட்டு, பாடியவருக்கு இல்லாமல் போய்விடுகிறது. ரசிகரின் அன்பே பெயரைத் தின்றுவிடுகிறது.

இந்த இழப்பு மலையகத்துக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்திலிருந்து கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் பாடப்பட்டவற்றைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். 1984இல் அவர் மறைந்த பின், 1987இல், 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலாக வந்தது. பாட்டுகள் பிழைத்தன. ஆனால் முதலில் கட்டியவள் எந்த லயத்துப் பெண், எந்தத் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக் கட்டினாள் என்பதை இனி யாரைக் கேட்பது? 'நாட்டார் பாடல்' என்று மரியாதையாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை பெயர்கள் புதைந்து கிடக்கின்றன!

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் ஒரு கிற்றார் வாங்கினார். அரை நூற்றாண்டுக்கு மேல் வாசித்ததில் அதன் மரப்பலகை தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. அந்தக் கிற்றாருக்கு 'ட்ரிகர்' என்று பெயர். அவருடைய ரசிகர்கள் அந்தப் பெயரையும் அறிவார்கள். அங்கே கிற்றாரின் பெயர்கூடத் தெரிகிறது. இங்கே கிற்றார் வாசித்தவரின் பெயரே தெரியவில்லை.

லயத்துப் பெண்ணின் பெயரை நம்மால் மீட்க முடியாது. அவள் காலத்தில் ஒலிப்பதிவும் இல்லை, எழுதிவைக்க ஆளும் இல்லை. பொப் பாட்டுக்கு அந்தச் சாக்கு இல்லை. இசைத்தட்டு இருந்தது, வானொலி இருந்தது, கேட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பழைய வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்வார்கள். அந்த நல்ல பழக்கத்தைக் கலியாண வீட்டுக்கும் கொண்டுபோவோம். அடுத்த முறை பாடும்போது, தாளம் தட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை, "இது நித்தி கனகரத்தினத்தின் பாட்டு" என்று சொல்லுங்கள். ரசிகர் ஒருவர் கலைஞருக்குச் செலுத்தக்கூடிய கடன் அவ்வளவுதான்.