கடற்பயணமும் கோதுமைப் பத்தியமும்



டில்லியில் கடல் இல்லை. ஆயினும் டில்லிவாசிகள் விடுமுறையைக் கடலில் கழிக்கும் காலம் வந்துவிட்டது. பம்பாயிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சுற்றுலாக் கப்பல்கள் புறப்படுகின்றன. 2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலும் ஒரு சுற்றுலாக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 'எம்ப்ரெஸ்' என்னும் பெயருடைய அக்கப்பல் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இலங்கையின் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்று வந்தது.

இத்தகைய கப்பலில் பிரயாணம் செய்வோருக்குக் கடற்காற்றுக்கு அடுத்தபடியான இன்பம் சாப்பாடுதான். காலையிலிருந்து நள்ளிரவு வரையில் ஏதேனும் ஒரு தளத்தில் ஏதேனும் ஒன்று பரிமாறப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த மேசையின் முன்னே தயங்கி நிற்கும் ஒரு சாராரும் உண்டு. கோதுமை உடம்புக்கு ஆகாதவர்கள் அவர்கள். அவர்கள் கப்பலேறலாமா, ஏறினால் எப்படி உண்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நோயைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்னும் பசைத்தன்மையுள்ள புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுபடுவதும் ரொட்டி உப்பி எழுவதும் அதனால்தான். நம்மில் பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. சிலருடைய உடம்போ அந்தப் புரதம் உள்ளே வந்ததும், பகைவன் புகுந்ததுபோல் எண்ணித் தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்கிறது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியன தொடர்கின்றன. சீலியாக் நோய் என்பது இதன் பெயர்.

கோதுமைதான் காரணம் என்று தெளிவாக எடுத்துக்காட்டியவர் வில்லெம் காரெல் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1930-களிலேயே அவருக்கு இந்த ஐயம் இருந்தது. 1944-45-இன் குளிர்காலத்தில், உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், ஹாலந்து கொடும் பஞ்சத்துக்கு உள்ளாயிற்று. ரொட்டி கிடைக்காத அந்நாட்களில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதும், ரொட்டி மீண்டபோது நோயும் மீண்டதும் அவருடைய ஐயத்தை வலுப்படுத்தின. 1950-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் இதை நிறுவினார். அதற்குப்பின் எத்தனையோ மருந்துகள் உலகில் தோன்றிவிட்டன. இந்நோய்க்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் காக்கவேண்டிய பத்தியமே இன்றுவரை மருந்து.

"இது வடக்கத்தியாருடைய நோய், அரிசி தின்னும் நமக்கு ஏது?" என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000-க்கு மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். வடக்கே ஆயிரம் பேருக்குச் சுமார் 12 பேரிடமும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவரிடமும் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் காணப்பட்டன. ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக்கள் இரு பகுதி மக்களிடமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தன. பெருத்த வேற்றுமை இருந்தது தட்டில். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக உண்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம்.

ஆகவே, அரிசிச்சோற்றை விட்டு இருவேளையும் சப்பாத்திக்கு மாறிய தமிழ்க் குடும்பம், "இது நம்முடையதன்று" என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. நான் வசிக்கும் முனிர்காவில் அத்தகைய குடும்பங்கள் பல. அருகிலேயே அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. ஐயம் உள்ளவர்கள் வைத்தியரிடம் செல்லவேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இரத்தப் பரிசோதனை முடிவதற்குள் கோதுமையைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் அது தெரியாமற்போகக்கூடும்.

இனிக் கப்பலுக்கு வருவோம். ஊரில் ஓர் ஓட்டலில் ஐயம் தோன்றினால் எழுந்து வேறிடம் போகலாம், வீட்டுக்கும் திரும்பலாம். நடுக்கடலில் வேறு ஓட்டல் இல்லை. கப்பலின் சமையற்கூடம் புறப்படும்போது ஏற்றிக்கொண்ட பண்டங்களை வைத்தே நடக்கிறது. ஏற்றப்படாத அரிசிமாவு ரொட்டியை எவ்வளவு நல்ல சமையற்காரரும் நடுக்கடலில் வரவழைக்க முடியாது. ஆதலால் இந்தப் பத்தியம் துறைமுகத்தில் தொடங்குவதன்று. சீட்டுப் பதிவு செய்யும் நாளிலேயே தொடங்கவேண்டியது. சில கப்பல் நிறுவனங்கள் 45 நாட்களுக்கு முன்பும், தொலைதூரப் பயணங்களுக்கு 90 நாட்களுக்கு முன்பும் இத்தகைய தேவையைத் தெரிவிக்கும்படி கேட்பதுண்டு. வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், எழுத்தில் தெரிவித்து எழுத்தில் பதில் பெற்றுக்கொள்வது நலம்.

என்ன எழுதுவது? இங்கேதான் சொல்லின் அருமை தெரிகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கோதுமைக்கு நம் நாட்டில் பெயர்கள் பல. முழுதாக அரைத்தால் ஆட்டா, தவிடு நீக்கி நைசாக அரைத்தால் மைதா, குறுணையாக்கினால் ரவை, அதுவே ஹிந்தியில் சூஜி, இழையாக்கினால் சேமியா, உடைத்தால் தலியா, நம் சம்பா ரவை. பெயர் மாறும்போது பொருளும் மாறிவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. "இதில் கோதுமை உண்டா?" என்று கேளுங்கள். "இல்லை, வெறும் மைதாதான்" என்று பரிமாறுபவர் பதில் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மனத்தில் கோதுமை என்றால் சப்பாத்தி மாவு மட்டுமே. நம் வீடுகளிலும் ரவா உப்புமாவைக் கோதுமைப் பண்டமாக எண்ணுவோர் மிகச் சிலரே. ஆகையால் ஒரு பெயரைச் சொன்னால் போதாது. எல்லாப் பெயர்களையும் சொல்லவேண்டும்.

மற்றொன்று: 'வேண்டாம்' என்ற சொல்லும் 'ஆகாது' என்ற சொல்லும் ஒன்றல்ல. வேண்டாம் என்பது விருப்பம். அதை உபசாரத்தால் மாற்றலாம். "சிறிதளவு சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவது நம் பண்பாடு அல்லவா? ஆகாது என்பது உடம்பின் விதி. அதை எந்த உபசாரமும் மாற்றாது. ஹிந்தியில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் இந்த இரண்டாவது பொருளே கேட்பவர் காதில் விழவேண்டும். இக்காலத்தில் உடல் மெலிவதற்காகக் கோதுமையை விடுவோரும் இருப்பதால், நோயாளியையும் அவ்வரிசையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

எனவே ஒரு சிறு அட்டையில் இவ்வாறு எழுதி வைத்துக்கொள்ளலாம்: "எனக்குச் சீலியாக் நோய் உண்டு. கோதுமை, ஆட்டா, மைதா, ரவை, சேமியா, பார்லி, ரை ஆகியவை சிறிதளவும் ஆகா. என் உணவைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டி கொண்டு சமைக்க வேண்டுகிறேன். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, காய்கறி, பழம், பால், முட்டை, மசாலையில் ஊறாத மீன் ஆகியவை எனக்கு ஆகும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாகாது. கூடாதவற்றை மட்டும் கேட்ட சமையற்காரர் திகைப்பார். கூடியவற்றையும் கேட்டவர் அடுப்பை மூட்டுவார். இதை ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டால், கோவாக்காரரோ பிலிப்பைன்ஸ் தீவினரோ, யார் சமையற்கூடத்தில் இருந்தாலும் பயன்படும்.

கப்பலில் ரொட்டியும் கேக்கும் அவ்வளவு ஆபத்தானவை அல்ல. அவை கண்ணுக்குத் தெரியும் பகைவர்கள். தமிழன் ஏமாறுவது தன் சொந்தச் சாப்பாட்டில்தான். சாம்பாரும் ரசமும் அரிசிக்குத் தோழர்கள் என்று நம்பிக் கிண்ணத்தை நீட்டுகிறோம். அவற்றில் இட்ட பெருங்காயத்தில் கோதுமை இருக்கலாம். தூய பெருங்காயம் மிகக் காரமான பிசின். ஆகவே அதனுடன் கருவேலம் பிசினும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல வேளைகளில் மைதா. சிலர் அரிசி மாவு சேர்க்கிறார்கள். டப்பாவின் மேலுள்ள எழுத்தைப் படித்தாலன்றித் தெரியாது. சமையற்காரரிடம், "பெருங்காய டப்பாவைக் காட்டமுடியுமா?" என்று கேட்பதில் வெட்கமில்லை. அவ்வாறே சூப்பைக் கெட்டிப்படுத்த மைதா சேர்ப்பதுண்டு. சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு. மால்ட் சேர்ந்த பானப்பொடிகளில் பார்லி உண்டு.

பண்டம் நல்லதாயினும் பாத்திரம் கெடுக்கும். ரவா தோசை வார்த்த கல்லில் வார்த்த வெறுந்தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த உளுந்து வடையும் ஆகாதவையே. "இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா?" எனலாம். 'குளுட்டன் இல்லாதது' என்று ஒரு பண்டத்தின்மேல் அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோவில் குளுட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய உணவு விதி. ஒரு ரொட்டித் துண்டில் இருப்பதோ ஏறத்தாழ 2 கிராம். நாள்தோறும் 50 மில்லிகிராம் உட்சென்றாலே சில மாதங்களில் குடல் பழுதுறக்கூடும் என்று ஆய்வு கூறுகிறது. அது அத்துண்டில் நாற்பதில் ஒரு பங்கு.

ஆகவே, எல்லோரும் தாமே எடுத்துண்ணும் நீண்ட மேசையைத் தவிர்ப்பது நல்லது. அங்கே நூடுல்ஸில் கிடந்த கரண்டி அடுத்த நிமிஷம் சோற்றில் கிடக்கும். அமர்ந்து உண்ணும் கூடத்தில், ஒரே மேசையில், முடிந்தால் ஒரே பரிமாறுபவரிடம் உண்ணவேண்டும். மறுநாளைய உணவுப் பட்டியலை முந்தின இரவே வாங்கிப் பார்த்து, இன்னது வேண்டும் என்று சொல்லிவிட்டால் சமையற்கூடத்துக்கும் சௌகரியம்.

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்று நம்மவர் கேட்பார்கள். கப்பலில் இரண்டும் வேண்டும். சொல்லை ஒவ்வொரு வேளையும் புதுப்பிக்கவேண்டும். நேற்று பரிமாறியவர் இன்று வேறு தளத்தில் இருக்கலாம். சோற்றைப் பொறுத்தவரையில், வீட்டில் சமைத்ததைக் கப்பலில் அனுமதிக்காமல் இருக்கலாம். முத்திரையிட்ட பொட்டலங்களைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். முன்னதாகக் கேட்டறிந்து அவல், பொரி, வறுத்த கடலை, கடலை மிட்டாய், உலர்ந்த பழங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். டில்லிவாசிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நவராத்திரி வந்தால் முனிர்காவின் சிறு மளிகைக் கடையிலும் விரதப் பண்டங்கள் வந்துவிடும்: குட்டு மாவு, சிங்காடா மாவு, நம் குதிரைவாலிக்கு இனமான சாமக் அரிசி, தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த ராஜ்கிரா. இவை ஒன்றிலும் இயல்பாகக் குளுட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்த மாவு உதவாது. குளுட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பொட்டலமே வாங்கத்தக்கது.

கப்பலில் முதல் நாள் குமட்டல் கண்டால் எல்லோரும் அலையைக் குறைகூறுவார்கள். அது கடல் மயக்கமாகவும் இருக்கலாம். உண்டதன் விளைவாகவும் இருக்கலாம். ஆகவே உண்டவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு கப்பல் வைத்தியரிடம் காட்டுவது உதவும். இதற்கு மாறாக, கோதுமை உட்சென்றும் வெளிக்கு ஒன்றும் தெரியாதவர்களும் உண்டு. "சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பது அத்தாட்சி அல்ல. குடல் சத்தமின்றியே பழுதுபடக்கூடியது.

இறுதியாக, நோயில்லாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தியத்தைக் காட்டிலும் இவர்களை வருத்துவது பிறர் பார்வைதான். பிறந்தநாள் கேக்கை மறுக்கும் குழந்தையைப் பிடிவாதக்காரி என்கிறோம். விருந்தில் கேள்வி கேட்கும் இளைஞனை நொய்யன் என்கிறோம். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே பலர் நோயை மறைத்துக்கொண்டு, "இன்று ஒருநாள்தானே" என்று உண்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் பிரயாணத்தையே விட்டுவிடுகிறார்கள். உங்களுடன் கப்பலேறும் உறவினருள் அத்தகைய ஒருவர் இருந்தால், பெருங்காய டப்பாவைப்பற்றிய கேள்வியை அவருக்காக நீங்கள் கேளுங்கள். மேசையில் அவருடைய தட்டு வந்த பிறகு உங்கள் தட்டில் கை வையுங்கள். உங்கள் கரண்டியை அவருடைய கிண்ணத்தில் இடாதீர்கள். அவ்வளவு செய்தால், அவரும் மேல்தளத்துக்கு வந்து உங்களோடு நின்று கடலைப் பார்ப்பார்.