குழந்தைகளின் இளைப்பு நோயும் இல்லத்தின் காற்றும்

  

வெள்ளி விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணலாம். இரவெல்லாம் மூச்சிரைத்துக் கண்ணுறங்காத பிள்ளை, காலையில் எவ்வாறு பள்ளி செல்லும்? சென்றாலும் எவ்வாறு பாடத்தில் மனம் ஊன்றும்? ஆதலின், மருத்துவர்கள் ஆஸ்துமா எனக் கூறும் இளைப்பு நோய் கல்விக் கழகத்தின் கவலையும் ஆகும்.

இந்நோயைத் தலைவிதி எனக் கருதி அடங்கிவிடுவோர் நம்மிடையே உளர். பரம்பரைக்கு இதில் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், பிள்ளை உறங்கும் அறையின் காற்றுக்கும் பங்குண்டு. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியே தூசி ஒவ்வாமைக்குத் தலையாய காரணம் என 1964-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மனிதத் தோலின் செதில்களை உண்டு, மெத்தையிலும் தலையணையிலும் அது பெருகுகிறது. அதன் எச்சத்துகள் மூச்சில் கலந்தால், ஒவ்வாமையுள்ள குழந்தையின் மூச்சுக்குழல் வீங்கிச் சுருங்குகிறது. கரப்பான்பூச்சியின் எச்சமும், ஈரச் சுவரின் பூஞ்சணமும் இவ்வாறே தீங்கு செய்வன.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகம், நியூயார்க் நகரில் ஹார்லெம் பகுதியை அடுத்துள்ளது. கிழக்கு ஹார்லெம் உள்ளிட்ட 8 ஏழ்மைப் பகுதிகளில், ஆஸ்துமாவுற்ற 476 குழந்தைகளை ஆராய்ந்த முடிவு 1997-இல் வெளியாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேருக்குக் கரப்பான்பூச்சி ஒவ்வாமை இருந்தது. அவ்வொவ்வாமையோடு, கரப்பான் எச்சம் மிகுந்த அறையிலும் உறங்கிய குழந்தைகள், ஏனையோரைவிட 3 மடங்குக்கு மேலாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அத்தகைய வீடுகள் அம்மக்களுக்கு வாய்த்தது ஏன்? 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு வண்ணத்தால் குறித்தது. அப்பகுதிகளுக்கு வீட்டுக்கடன் எட்டாக்கனியாயிற்று. வீட்டு வசதியில் இனப்பாகுபாட்டை 1968-இல் சட்டம் தடை செய்தது. எனினும், கலிபோர்னிய நகரங்களைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வு, முன்பு சிவப்பிட்ட பகுதிகளில் ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சை நாடுவோர் வீதம், சிறந்தவை எனக் குறிக்கப்பட்ட பகுதிகளைவிட 2.4 மடங்கு எனக் காட்டியது. ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட வரலாறுடைய நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இந்நிலை மாற்றக்கூடியதே. 937 குழந்தைகளைக் கொண்ட மற்றோர் ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. மெத்தைக்கு உறையிடவும், தூசியையும் கரப்பானையும் அகற்றவும் குடும்பங்களுக்குக் கற்பித்து உதவியதால், நோய்த் தொல்லை ஓராண்டில் ஏறத்தாழ 21 நாட்கள் குறைந்தது. நியூயார்க் நகரம் 2018-இல் இயற்றிய சட்டம், வாடகை வீடுகளில் பூச்சியையும் பூஞ்சணத்தையும் ஒழிப்பது வீட்டு உரிமையாளரின் கடமை என வகுத்தது.

நாமும் இவ்விரு வழிகளையும் கைக்கொள்வோம். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைப்போம். உணவை மூடி வைப்போம். வீட்டினுள் பீடி, சிகரெட் புகையை விலக்குவோம். மருத்துவர் தந்த மருந்தை, இளைப்பு தணிந்தது என்று நாமாக நிறுத்தாதிருப்போம்.

ஆனால், ஒழுகும் கூரையும் காற்றுப் புகாத ஒற்றை அறையும் தாயின் குற்றமல்ல. அவற்றைச் சீர்செய்யுமாறு எழுத்தில் கேட்பது நம் உரிமை. இளைஞர்களே, இளைப்பினால் பள்ளிக்கு வாராத பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று பாருங்கள், குறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், உரிய அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நீங்கள் பெற்ற கல்வி அதற்குப் பயன்படட்டும்.