கழுகுகள் போன பின்



உயர்தரத்தில் உணவுச் சங்கிலியை மனனம் செய்து புள்ளி வாங்கினோம். மற்ற உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்தால் மனிதர் பிழைப்பார்களா என்று எங்கள் பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். ஊகத்தை விட்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

இந்தியாவில் 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. மூன்று இனங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் இல்லாமற் போயின. காரணம் 2004இல்தான் தெரிந்தது: டைக்ளோபெனக். மூட்டு வலிக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கிற அதே மருந்து! மாடுகளுக்கும் கொடுத்தார்கள். இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது.

அவை போனபின் மாடுகளின் உடல்கள் வெளியிலும் நீர்நிலைகளிலும் அழுகின. கட்டாக்காலி நாய்கள் பெருகின, விசர்நாய்க்கடியும் கூடவே. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் மேலதிக மனித மரணங்கள் என 2024இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

இத்தனைக்கும் போனது ஒரு வகைப் பறவை. பெரும்பாலானவை போனால்? மனிதரில் சிலர் எப்படியும் மிஞ்சலாம். சுத்தமான நீருக்கும் தடுப்பூசிக்கும் வழியில்லாதவர்கள் அந்தச் சிலரில் இருக்கமாட்டார்கள்.

2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவை, மீள நாளெடுக்கும்.

காரணத்தைக் கண்டறிந்த குழுவின் லின்ட்சே ஓக்ஸ் ஒரு விலங்கு வைத்தியர். மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் மட்டும் விலங்கு மருத்துவம் என்றுதான் எங்கள் வீடுகளில் இன்னும் பேச்சு. சகோதரிகளே, இம்முறை மகள்மார் பேராதனையை முதல் விருப்பமாக எழுதினால் மறிக்காதீர்கள்.